தாய் வகை, சேய் வகை, நடுவில் மாட்டிக்கிட்ட வார்ப்புரு

வேர்ட்பிரஸ்ல எழுதற நம்ம மக்கள் ரெண்டு ரகம். வகைகளை (அதாங்க, கேட்டகரி) பத்தி எந்தக் கவலையும் படாம எல்லாத்தையும் 'பொது'ன்னு ஒரே கூடையில கொட்டறவங்க ஒரு ரகம். வகை, துணைவகை, அதுக்கொரு துணைவகைன்னு ஒரு வம்சாவளியே வரைஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டெம்ப்ளேட் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறவங்க இன்னொரு ரகம். இந்தப் பதிவு ரெண்டாவது ரகத்துக்கு. முதல் ரகத்து ஆளுங்களும் படிக்கலாம், கடைசியில மனசு மாறினாலும் மாறும் :-)

முதல்லயே சொல்லிடறேன். நான் தொழில்முறை நிரலாளர் கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தீமைத் திறந்து வச்சு நோண்டற ஆசாமி. கோட் முழுசா இங்க ஒட்டப்போறதும் இல்லை. எப்படிச் செய்யணும்கிறதை விட, எதைச் செய்யணும், எதைச் செய்யக்கூடாதுங்கிறதுதான் இங்க பேச்சு.

என் கட்சி ரொம்ப சிம்பிள்: ஒவ்வொரு வகைக்கும் ஒரு வார்ப்புருக் கோப்பு செய்யறது வேண்டாத வேலை. தாய் வகைக்கு என்ன வடிவமோ அது பிள்ளைங்களுக்குத் தானா போய்ச் சேரணும். மாறுபாடு வேணும்னா அதை வகையோட சேர்த்து எழுதி வைக்கணும், கோப்புப் பெயர்ல எழுதி வைக்கக்கூடாது.

ஏன்னு சொல்றேன்.

வேர்ட்பிரஸ் எப்படித் தேடுது?

நீங்க 'பயணம்'னு ஒரு வகை வச்சிருக்கீங்க. அதுக்குள்ள 'கோயில்கள்'. அதுக்குள்ள 'தஞ்சாவூர்'. யாரோ ஒருத்தர் தஞ்சாவூர் வகைப் பக்கத்தைத் திறக்கறார். வேர்ட்பிரஸ் உங்க தீம் அடைவுக்குள்ள போய் வரிசையா தேடும். முதல்ல அந்த வகையோட ஸ்லக் பெயர்ல கேட்டகரி-தஞ்சாவூர்.பிஹெச்பி இருக்கான்னு பாக்கும். இல்லைன்னா வகையோட எண்ணைப் போட்டு, கேட்டகரி-27.பிஹெச்பி மாதிரி. அதுவும் இல்லைன்னா பொதுவான கேட்டகரி.பிஹெச்பி. அப்புறம் ஆர்க்கைவ்.பிஹெச்பி. கடைசியா இண்டெக்ஸ்.பிஹெச்பி. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல்ல என்ன இல்லைன்னு கவனிச்சீங்களா? அம்மா இல்லை. பாட்டியும் இல்லை. 'பயணம்' வகைக்கு நீங்க ஆசை ஆசையா ஒரு வார்ப்புரு செஞ்சு, மேல படம், பக்கத்துல ஊர்ப் பட்டியல்னு ஜோடிச்சு வச்சிருப்பீங்க. 'தஞ்சாவூர்' பக்கத்துக்குப் போனா அது எதுவும் இருக்காது. மொட்டையா பழைய ஆர்க்கைவ் பக்கம்தான் வரும். நிர்வாகப் பக்கத்துல வகையை மரமா காட்டற வேர்ட்பிரஸ், உரல்ல கூட பயணம்/கோயில்கள்/தஞ்சாவூர்னு வம்சத்தைக் காட்டற வேர்ட்பிரஸ், வார்ப்புரு எடுக்கற நேரத்துல மட்டும் எல்லாரையும் அநாதையாக்கிடும்.

இன்னொரு கூத்து. உள்ளடக்கத்துல மட்டும் சொந்தம் உண்டு! தாய் வகைப் பக்கத்தைத் திறந்தா பிள்ளைங்களோட பதிவுகளும் அதுலயே வந்து விழும். அதாவது சோறு பொங்கறது கூட்டுக் குடும்பமா, படுக்கறது தனித்தனி வீட்டுல. இந்த முரண்பாடுதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம்.

நிரல்லயும் இதே கதைதான். 'இது பயணம் வகைப் பக்கமா?'ன்னு ஈஸ்_கேட்டகரி கிட்ட கேட்டா, தஞ்சாவூர் பக்கத்துல 'இல்லை'ன்னு சொல்லும். 'இந்தப் பதிவு பயணம் வகையிலயா?'ன்னு இன்_கேட்டகரி கிட்ட கேட்டா, பதிவுல தஞ்சாவூரை மட்டும் டிக் பண்ணியிருந்தா அதுவும் 'இல்லை'தான். வம்சம் பாத்துச் சொல்ல கேட்_ஈஸ்_ஆன்செஸ்டர்_ஆஃப்னு தனியா ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதைக் கூப்பிடணும்னு தெரியாமத்தான் பல பேர், தாய்க்குச் செஞ்ச கோப்பையே பிள்ளைங்க பெயர்ல காப்பி போட ஆரம்பிக்கறாங்க.

காப்பி போட்டா என்ன குடி முழுகிடும்?

மூணு வகை இருக்கறப்ப ஒண்ணும் முழுகாது. முப்பது ஆகறப்ப முழுகும்.

1. ஒரு வரியை மாத்தணும்னா முப்பது கோப்புல மாத்தணும். இருபத்தெட்டுல மாத்திட்டு மீதி ரெண்டை மறந்துடுவோம். அந்த ரெண்டு பக்கம்தான் கூகுள்ல முதல்ல வந்து நிக்கும் :-)

2. கோப்புப் பெயர் ஸ்லக்கோட கட்டிப்போட்டது. 'தஞ்சை'ங்கிற ஸ்லக்கை 'தஞ்சாவூர்'னு மாத்தினீங்கன்னா கோப்பு அங்கேயே கிடக்கும், பக்கம் அதை விட்டுட்டுப் போயிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. சத்தமே இல்லாம வடிவம் மாறியிருக்கும்.

3. சரி, ஸ்லக் வேண்டாம், எண்ணை நம்பலாம்னா அதுவும் நிரந்தரம் இல்லை. 2015 வரைக்கும் ஒரே பெயர்ல ஒரு வகையும் ஒரு குறிச்சொல்லும் இருந்தா ரெண்டுக்கும் ஒரே எண்ணா இருக்கலாம். அந்த வருஷம் வந்த 4.2, 4.3 பதிப்புகள்ல அதைப் பிரிச்சாங்க. பிரிக்கறப்ப ஏதோ ஒண்ணுக்குப் புது எண் போயாகணுமே. எண்ணை நம்பிக் கோப்பு செஞ்சு வச்சவங்களுக்கு அது ஒரு பாடம். தளத்தை வேற வழங்கிக்கு இறக்குமதி பண்ணி மாத்தறப்பவும் எண்கள் அப்படியே வரும்னு உத்தரவாதம் கிடையாது.

4. தீமை மாத்தற அன்னைக்கு முப்பது கோப்பும் பழைய தீமோட போயிடும். புது தீம் எடுத்தவுடனே தளம் அம்மணமா நிக்கறதுக்கு இதுதான் காரணம்.

நம்ம தமிழுக்குன்னு தனியா ஒரு சிக்கல்

இதை ஆங்கிலத்துல எழுதறவங்க யாரும் சொல்லமாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

வேர்ட்பிரஸ் தமிழ் ஸ்லக்கை அப்படியே வைக்காது, சதவீதக் குறி போட்ட சங்கிலியா மாத்தி வைக்கும். ஒருங்குறியில ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் 3 இடம். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். தரவுத்தளத்துல ஸ்லக்குக்கு ஒதுக்கியிருக்கறது மொத்தம் 200 இடம். வகுத்துப் பாருங்க, 22 குறியீடுதான் கொள்ளும். அதுவும் எழுத்துக் கணக்கு இல்லை. 'கி'ன்னா க ஒண்ணு, இகரக் கொம்பு ஒண்ணு, ரெண்டு குறியீடு. புள்ளிக்கும் தனிக் கணக்கு.

'சோழமண்டலத்துச் சிவன் கோயில்கள்'னு ஆசையா ஒரு வகை தொடங்கினீங்கன்னா, ஸ்லக் 'கோய'ல நின்னுடும். சிவன் இருப்பார், கோயில் பாதியில நிக்கும் :-(

இந்த ஸ்லக்கை நம்பி ஒரு வார்ப்புருக் கோப்பு செய்யணும்னா 2016 டிசம்பர் வரைக்கும் அந்தச் சதவீதச் சங்கிலியையே கோப்புப் பெயரா வைக்க வேண்டியிருந்தது. 4.7 பதிப்புல இருந்து தமிழ் எழுத்துலயே கோப்புப் பெயர் வச்சாலும் கண்டுபிடிச்சுக்கும். நல்ல விஷயம்தான். ஆனா தமிழ்ப் பெயர் வச்ச கோப்பு ஜிப்புக்குள்ள போய், எஃப்டிபியில ஏறி, வேற வழங்கியில இறங்கறப்ப பெயர் சிதையாம இருக்கும்னு நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அதனால என் யோசனை: வகையோட பெயர் தமிழ்லயே இருக்கட்டும், அதுதானே வாசகர் கண்ணுல படறது. ஸ்லக்கை மட்டும் ரோமன் எழுத்துல குட்டியா வச்சுக்குங்க. "தமிழ்ல எழுதிட்டு உரலை மட்டும் இங்கிலீஷ் எழுத்துலயா?"ன்னு சண்டைக்கு வர்றவங்க வாங்க. நானும் தமிழ் உரல் பிடிக்கற கட்சிதான். ஆனா அந்த உரலைக் காப்பி பண்ணி ஒரு மின்னஞ்சல்ல ஒட்டிப் பாருங்க. பல இடத்துல வந்து விழறது தமிழ் இல்லை, முழ நீளத்துக்கு சதவீதக் குறிதான்.

சரி, பின்ன எப்படித்தான் செய்யறது?

அதே 4.7 பதிப்புல கேட்டகரி_டெம்ப்ளேட்_ஹைரார்க்கின்னு ஒரு ஃபில்டரும் வந்துச்சு. மேல சொன்னேனே, வேர்ட்பிரஸ் வரிசையா தேடற பட்டியல், அதை இந்த ஃபில்டர் நம்ம கையில குடுக்குது. நாம செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இப்ப திறந்திருக்கற வகையோட முன்னோர்களை கெட்_ஆன்செஸ்டர்ஸ் மூலமா வாங்கு (பக்கத்துச் சொந்தத்துல ஆரம்பிச்சு மேல போற வரிசையிலயே குடுக்கும்). பிள்ளையோட சொந்தக் கோப்புப் பெயருக்குக் கீழ, பொதுவான கேட்டகரி.பிஹெச்பிக்கு மேல, முன்னோர்கள் பெயரைச் செருகு. பத்து, பதினஞ்சு வரிதான்.

இதுக்கப்புறம் 'தஞ்சாவூர்' பக்கத்துக்குத் தனிக் கோப்பு இல்லைன்னா 'கோயில்கள்' கோப்பு, அதுவும் இல்லைன்னா 'பயணம்' கோப்பு. பாட்டி சொத்து பேத்திக்கு. தனியா வேணும்னு பிடிவாதம் பிடிக்கற பிள்ளைக்கு மட்டும் தனிக் கோப்பு. புதுசா ஒரு ஊரைச் சேர்த்தாலும் ஒரு கோப்பும் செய்ய வேண்டாம்.

இந்தப் பத்து வரியை தீமோட ஃபங்ஷன்ஸ் கோப்புல போடாதீங்க. குட்டியா ஒரு செருகுநிரல் செஞ்சு அதுல போடுங்க, தீம் மாறினாலும் நிக்கும். வார்ப்புருக் கோப்புகளை சைல்டு தீம்ல வைங்க, இல்லைன்னா தீம் புதுப்பிக்கற அன்னைக்கு எல்லாத்தையும் துடைச்சிட்டுப் போயிடும்.

"இப்பல்லாம் பிளாக் தீம் வந்தாச்சே, பிஹெச்பி எதுக்கு?"ன்னு கேப்பீங்க. 2022 ஜனவரியில 5.9ல சைட் எடிட்டர் வந்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல 6.1 வந்தப்ப ஒரு குறிப்பிட்ட வகைக்குன்னே திரையிலயே வார்ப்புரு செய்யற வசதி வந்துச்சு. சுட்டியாலயே எல்லாம் செய்யலாம், சந்தோஷம். ஆனா சொந்தபந்தம் பாக்காத குணம் மட்டும் மாறலை. தாய்க்குச் செஞ்சது பிள்ளைக்குத் தானா போகாது. மேல சொன்ன ஃபில்டர் இங்கயும் வேலை செய்யும்கிறதுதான் ஆறுதல். இன்னொண்ணும் கவனிங்க: எடிட்டர்ல செய்யற மாற்றம் தரவுத்தளத்துல போய் உக்காரும், கோப்புல இல்லை. அடைவை மட்டும் பேக்கப் எடுத்துட்டு நிம்மதியா தூங்கறவங்க உஷார்.

தொடர் எழுதறவங்க இதை அவசியம் படிங்க

நம்ம ஆளுங்களுக்குத் தொடர் எழுதற வியாதி உண்டு. பயணத் தொடர், வரலாற்றுத் தொடர், பதினேழு பாகம், 'தொடரும்'னு முடிஞ்சு தொடராமலே போனது... எல்லாம் உண்டு :-) ஒவ்வொரு தொடரையும் 'தொடர்கள்'ங்கிற தாய்க்குள்ள ஒரு துணைவகையா வைக்கறது நல்ல பழக்கம்.

ஆனா வகைப் பக்கம் புதுசை மேலயும் பழசை கீழயும் காட்டும். புதுசா வர்ற வாசகர் பதினேழாம் பாகத்துல போய் விழறார். முதல் பாகத்துக்குப் போக ரெண்டு, மூணு பக்கம் பின்னாடி தேடணும். எத்தனை பேர் தேடுவாங்க? நல்ல தொடர்கள் படிக்கப்படாமப் போறதுக்கு எழுத்து மட்டும் காரணம் இல்லை, வரிசையும் காரணம்.

இங்கதான் நிறைய பேர் வார்ப்புருக் கோப்புக்குள்ள போய் க்வெரி_போஸ்ட்ஸ் போட்டு வரிசையைத் திருப்பறாங்க. பாக்க வேலை செய்யற மாதிரி இருக்கும். ஆனா வார்ப்புரு திறக்கறதுக்கு முன்னாடியே வேர்ட்பிரஸ் ஒரு தடவை பதிவுகளை எடுத்து, எத்தனை பக்கம்னு கணக்குப் போட்டு முடிச்சிடுது. நீங்க உள்ள போய் பக்கத்துக்கு இத்தனைன்னு வேற எண்ணிக்கை குடுத்தீங்கன்னா ரெண்டு கணக்கும் உதைக்கும். ரெண்டாம் பக்கத்துக்கோ மூணாம் பக்கத்துக்கோ போனா 404.

சரியான இடம் ப்ரீ_கெட்_போஸ்ட்ஸ். பதிவை எடுக்கறதுக்கு முன்னாடியே 'இது தொடர்கள் வம்சமா? அப்படின்னா பழசுல இருந்து குடு'ன்னு சொல்லிடணும். முக்கியத் தேடலுக்கு மட்டும் சொல்லுங்க, நிர்வாகப் பக்கத்தை விட்டுடுங்க. ஓடையையும் விட்டுடுங்க. இல்லைன்னா அந்த வகையோட ஓடையை வாங்கறவங்களுக்கு என்னைக்குப் பாத்தாலும் முதல் பாகமே வந்துக்கிட்டிருக்கும்.

'இது தொடர்'னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அதையும் கோப்புப் பெயர்ல வைக்காதீங்க. 2015 டிசம்பர்ல வந்த 4.4 பதிப்புல இருந்து ஒவ்வொரு வகையோடயும் கூடுதல் தகவல் சேமிக்கலாம், டெர்ம் மெட்டான்னு பேரு. வகையைத் திருத்தற பக்கத்துல 'பழசுல இருந்து காட்டு'ன்னு ஒரு டிக் பெட்டி வச்சுட்டா முடிஞ்சது. இந்த வகையில டிக் இல்லைன்னா அம்மாகிட்ட கேளு, அங்கயும் இல்லைன்னா பாட்டிகிட்ட கேளு. தீம் எது வந்தாலும் போனாலும் அந்த டிக் வகையோடயே இருக்கும். நான் முதல்ல சொன்ன 'வகையோட சேர்த்து எழுதி வை'ங்கிறதுக்கு அர்த்தம் இதுதான்.

தாய்ப் பக்கம் கிடங்கு இல்லை, வாசல்

வார்ப்புரு செய்யறவங்க அதிகமா கோட்டை விடற இடம் இது. தாய் வகைப் பக்கத்துல பிள்ளைங்களோட எல்லாப் பதிவும் கலந்து கொட்டறது வேர்ட்பிரஸோட இயல்பு. ஆனா 'பயணம்'னு க்ளிக் பண்ற வாசகருக்கு என்ன வேணும்? உள்ள என்னென்ன ஊர் இருக்குன்னு தெரியணும். அதனால தாய்ப் பக்கத்துல முதல்ல நாலு வரி அறிமுகம். அதுக்குக் கீழ துணைவகைப் பட்டியல். அதுக்கும் கீழ பதிவுகள்.

அறிமுகத்துக்குன்னு வகையைத் திருத்தற பக்கத்துல விளக்கம்னு ஒரு பெட்டி காலங்காலமா காலியா கிடக்கு பாருங்க, அதை நிரப்புங்க. துணைவகைப் பட்டியலுக்கு டபிள்யூபி_லிஸ்ட்_கேட்டகரீஸ் கிட்ட சைல்டு_ஆஃப் குடுத்தா போதும். ரெண்டு வரி வேலை.

ஆழத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. ரெண்டு நிலை போதும், மூணு தாண்டவே கூடாதுங்கிறது என் கட்சி. ஒரு துணைவகையில பத்துப் பதிவாவது தேறும்னு தெரியாம அதைத் தொடங்காதீங்க. ஒரே ஒரு பதிவு உக்காந்திருக்கற வகைப் பக்கத்துக்கு எந்த வார்ப்புரு போட்டாலும் காலி மண்டபம்தான். உரல்ல வகைப் பெயர் வர்ற மாதிரி அமைச்சிருக்கறவங்க, ஒரு பதிவுக்கு ஒரே வகையை டிக் பண்றது உத்தமம். நாலு டிக் பண்ணா, எண்ணுல சின்னது எதுவோ அதைத்தான் வேர்ட்பிரஸ் உரலுக்கு எடுத்துக்கும், நீங்க நினைச்சதை இல்லை.

"கூகுள் இருக்க வகை எதுக்கு?"

இதுதான் எதிர்க்கட்சியோட பெரிய வாதம். தேடல் பெட்டி இருக்கு, குறிச்சொல் இருக்கு, இந்த மரமெல்லாம் யாருக்குன்னு கேக்கறாங்க. ப்ளாக்கர்ல லேபிளுக்குள்ள லேபிள் கிடையாது, அதுலயும் நல்லா எழுதினவங்க எழுதிக்கிட்டுத்தானே இருந்தாங்கன்னும் கேக்கறாங்க. நியாயமான கேள்வி.

என் பதில்: உங்க தளத்துலயே இருக்கற தேடல் பெட்டியில 'தஞ்சாவூர்'னு அடிச்சுப் பாருங்க. வேர்ட்பிரஸ்ல கூடவே வர்ற தேடல், அடிச்ச எழுத்துக்கள் அப்படியே அடுத்தடுத்து இருக்கான்னு மட்டும்தான் பாக்கும். 'தஞ்சாவூரில்', 'தஞ்சாவூருக்கு'ன்னு எழுதின பதிவு அதுக்குச் சிக்காது, ஏன்னா கடைசி 'ர்' அங்க 'ரி'யாவும் 'ரு'வாவும் மாறிடுச்சு. 'மரம்'னு தேடினா 'மரத்தடியில்' கிடைக்காது. 'வீடு' தேடினா 'வீட்டில்' கிடைக்காது. 'ஆறு' தேடினா 'ஆற்றங்கரை' கிடைக்காது. ஆங்கிலத்துல சொல் பெரும்பாலும் அப்படியே இருந்து வால் மட்டும் ஒட்டும். தமிழ்ல சொல்லே உருமாறும். நம்ம இலக்கணத்துக்கும் அந்தத் தேடலுக்கும் ஜாதகம் பொருந்தலை.

அதனால தமிழ்ல எழுதறவங்களுக்கு வகைப் பக்கம் அலங்காரம் இல்லை. பழைய பதிவுக்குப் போக நம்பகமான பாதை பல நேரம் அது ஒண்ணுதான். கூகுள் பாத்துக்கும்னு விட்டா, கூகுள் கொண்டு வந்து விடறது ஒரு பதிவுல. அங்கிருந்து அடுத்ததுக்குப் போக வழி காட்டறது நம்ம வேலை.

பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் எழுதினவங்க நம்மள்ல இருக்காங்க. ஆயிரம் பதிவு வச்சிருக்கறவங்களும் இருக்காங்க. அதுல முகப்புல தெரியறது பத்து. மீதி எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரிதான். எத்தனையோ நல்ல எழுத்து அழிஞ்சு போனது உண்மை. அழியாமலே யார் கண்ணுக்கும் படாமக் கிடக்கறது அதைவிட அதிகம்னு எனக்குத் தோணுது. தலைப்புப் படத்தை மாத்தறதுக்கும் எழுத்துருவை மாத்தறதுக்கும் நாம செலவழிக்கற ராத்திரிகள்ல ஒரே ஒரு ராத்திரியை இந்த மரத்துக்குக் குடுக்கலாமே.

ஆக, வரிசையா: முதல்ல வகைகளைக் காகிதத்துல வரைஞ்சு ரெண்டு நிலைக்குள்ள அடக்குங்க. ஸ்லக்கைச் சின்னதாக்குங்க. தாய்ப் பக்கங்களுக்கு நாலு வரி விளக்கம் எழுதுங்க. அப்புறம் அந்த ஃபில்டர். கடைசியாத்தான் வார்ப்புரு. பெரும்பாலும் கடைசிப் படிக்கு வர்றதுக்குள்ள முப்பது கோப்பு ரெண்டு கோப்பா சுருங்கியிருக்கும்.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க, குறிப்பா 'ஒரு வகைக்கு ஒரு கோப்பு' கட்சிக்காரங்க, தாராளமா வந்து சாத்துங்க. கேட்டுக்கறேன்.

பி.கு. 1: ஏற்கனவே நிறைய பேர் படிக்கற தளமா இருந்தா ஸ்லக்கை மாத்தறதுக்கு முன்னாடி பழைய உரல்ல இருந்து புதுசுக்குத் திருப்பி விடற ஏற்பாட்டைப் பண்ணிடுங்க. பதிவோட ஸ்லக்கை மாத்தினா வேர்ட்பிரஸ் பழசை ஞாபகம் வச்சுக்கும். வகைக்கு அந்த மரியாதை கிடையாது.

பி.கு. 2: 'பொது' வகைக்காரங்களே, இவ்வளவு தூரம் படிச்சதுக்கு நன்றி. இன்னைக்கு ஒரே ஒரு துணைவகையாவது தொடங்குங்க :-)